சாயங்கால வெயிலில் எடுத்த படம்

என் அண்ணி மனிதர்களை உச்சந்தலையை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வாள். முகமெல்லாம் அவளுக்கு இரண்டாம்பட்சம். தெருவில் எதிரே வந்து வாய் நிறையப் பேசிவிட்டுப் போகிறவரை யாரென்று தெரியாமல் விழிப்பாள். அவர் குனிந்து செருப்பு வாரை மாட்டும்போதுதான், "அட, நம்ம பேக்கரிக்காரரு!" என்பாள். எனக்கு வகிடு அகலமாகிக்கொண்டே போகிறது என்ற நல்ல செய்தியை முதலில் சொன்ன புண்ணியவதியும் அவள்தான். அதற்காகக் கொஞ்ச நாள் அவளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

கோளாறு அவள் பார்த்த வேலையில் இருக்கிறது. பெரிய கட்டடம் எழும்பும் இடங்களில் ஆகாயம் முட்ட ஒரு டவர் கிரேன் நிற்கும், பார்த்திருப்பீர்கள். அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். அண்ணியின் இளமைக்காலம் அந்தக் கூண்டில்தான் கழிந்தது. கீழே நின்று இரும்பையும் பலகையையும் கொக்கியில் மாட்டிவிட்டுக் கையை ஆட்டுகிற ஆள் என் அண்ணன். வயர்லெஸ்ஸில் அவன் இவளை "மேல" என்று கூப்பிடுவான். இவள் அவனை "கீழ" என்பாள். "மேல, மெதுவா இறக்கு." "கீழ, தள்ளி நில்லு." இதைத் தவிர அவர்கள் என்ன பேசிக் காதலித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எப்படியோ கல்யாணம் ஆனது. வீட்டிலும் அதே கூப்பாடு தொடர்ந்தது. "கீழ, பால் பொங்குது பாரு" என்று அவள் கத்தினால், புதிதாக வந்த விருந்தாளிகள் தரையைப் பார்ப்பார்கள்.

கூப்பாடு மட்டும் என்றால் பரவாயில்லை, கைச்சைகையும் கூடவே வந்துவிட்டது. சாப்பிடும்போது அண்ணன் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் கிள்ளுவதுபோல் காட்டினால் கொஞ்சமாகப் போடு என்று அர்த்தம். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினால், உடனே நிறுத்து. கிரேன் வேலையில் இந்த ஒரு சைகைக்கு மட்டும் தனி மரியாதை உண்டாம். மற்ற சைகைகளைக் கொக்கிக்காரன் காட்டினால்தான் செல்லும். நிறுத்து என்பதை மட்டும் யார் காட்டினாலும் செல்லும். டீ கொண்டுவருகிற பையன் காட்டினாலும் மேலே இருக்கிறவர் கேள்வி கேட்காமல் நிறுத்தியாக வேண்டும். எதற்கு நிறுத்தினாய் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், சண்டை போட்டுக்கொள்ளலாம். இதை அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி எங்கள் காது புளித்துப்போயிருக்கிறது.

முழங்கால் தேய்ந்து ஏணி ஏற முடியாமல் போனதும் அண்ணி வீட்டில் கொஞ்ச காலம் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்பதுகூடத் தப்பு. ஸ்டூலில் ஏறி நின்று அலமாரி மேலே இருக்கும் தூசியைப் பார்த்து என்னைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் ஆற்றங்கரைப் பராமரிப்பு அலுவலகத்தில் ட்ரோன் ஓட்ட ஆள் தேடினார்கள். ஏணியே ஏறாமல் மேலே இருந்து பார்க்கலாம் என்றதும் அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. பயிற்சி முடித்து, பரீட்சை எழுதி, வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அண்ணனும் பின்னாடியே போய் அதே அலுவலகத்தில் கரையை அடைக்கும் குழுவில் சேர்ந்தான். மேலே போனால் கீழே சும்மா இருக்குமா?

கரையில் அவளுக்கு என்ன வேலை என்றால், முள்ளம்பன்றி பார்ப்பது. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் விளையாட்டில்லை. எங்கள் ஆற்றுக்கு மண்கரைதான் காவல். அந்தக் கரையில் முள்ளம்பன்றிகள் வளை தோண்டிக் குடும்பம் நடத்துகின்றன. வெளியே பார்க்க ஒரு வாய்தான் தெரியும், உள்ளே அறை அறையாகப் போகும். வெள்ளம் ஏறும்போது தண்ணீர் அந்த ஓட்டைக்கு வழி கண்டுபிடித்தால் கரை உட்கார்ந்துவிடும். அதனால் மழைக்கு முன்னால் வளைகளை எல்லாம் சிமென்ட்டும் களிமண்ணும் கலந்த குழம்பை ஊற்றி அடைப்பார்கள். ஆனால் விலங்கு உள்ளே இருக்கும்போது ஊற்றக்கூடாது. குடியிருக்கும் வளை என்றால், வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் ஒரு சின்னக் கதவை வைத்து, எல்லாம் வெளியேறிய பிறகுதான் அடைக்க வேண்டும். குட்டி இருந்தால் அது நடந்து வெளியே வரும்வரை கதவும் வைக்கக்கூடாது. எது குடியிருக்கும் வளை, எது காலி என்று சொல்வதுதான் அண்ணியின் பொறுப்பு.

அதை எப்படிச் சொல்வாள் என்று கேட்டிருக்கிறேன். "சூடு காட்டுற கேமராவை நம்பி மட்டும் சொல்ல முடியாது. குளிர்ற காலையில காலி வளையும் சூடாத்தான் தெரியும், மண்ணு உள்ள வெதுவெதுன்னு இருக்கும்ல? வாசலைப் பாக்கணும். வாசல்ல புதுமண்ணு மேடா குவிஞ்சிருந்தா வீட்டுல ஆளு இருக்குன்னு அர்த்தம். மேடு இல்லாம, கூரை உள்வாங்கிப் பள்ளமாக் கெடந்தா வீடு காலி" என்றாள். மேடா பள்ளமா, அவ்வளவுதான் விஷயம். இதைப் பார்க்கவா இவ்வளவு பெரிய படிப்பு என்று நான் கேட்டேன். அவள் ட்ரோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லை என்பது என் கருத்து. கார் சீட்டுக்கு உறை தைக்கிறேன். தடிமனான ரெக்ஸின் தைக்கிற மெஷின் சாதாரணத் தையல் மெஷின் மாதிரி இருக்காது, நாலு பேர் பிடித்தால்தான் நகரும். அது ஓடினால் வீட்டில் யாரும் போன் பேச முடியாது. ஆகவே பின்புறத்தில், கரையின் அடிவாரத்தை ஒட்டி, எனக்கென்று ஓர் அறை கட்டிக்கொண்டேன். நீலத் தகரக் கூரை. வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். தைத்த உறைகளைத் தொங்கவிட ஒரு நீளக் கம்பி. வாசலில் துணி காயப்போட ஓர் உயரமான இரும்புக் கம்பம். என் வாழ்க்கையில் நான் யாரையும் கேட்காமல் செய்துகொண்ட ஒரே காரியம் அந்த அறைதான். அதன் சாவி என்னிடம் மட்டும் இருந்தது.

அந்த அறைக்குப் பின்னால், கரைச்சரிவில், ஒரு முட்புதருக்குள் ஒரு வளை இருந்தது. போன மழைக்காலம் முடிந்ததும் இன்ஜினியர் வந்து பார்த்தார். தன்மையான மனிதர், சொல்ல வேண்டியதை மழுப்பாமல் சொல்லிவிட்டார்.

"இது காலி வளைன்னா பிரச்சினை இல்லை, அடைச்சிடலாம். உள்ள விலங்கு இருந்து, மழைக்குள்ள காலி பண்ண முடியலைன்னா, இந்த இடத்துல மணல் மூட்டையால ஒரு வட்டச் சுவர் எழுப்பணும். கசியிற தண்ணி அதுக்குள்ளயே தேங்கி நின்னு, அந்தக் கனத்துலயே கசிவை அடக்கிடும். தெருவுக்கு ஆபத்து இருக்காது."

"இந்த இடம்னா எந்த இடம் சார்?" என்று கேட்டேன்.

அவர் என் நீலக் கூரையைப் பார்த்தார். "மன்னிச்சுக்கோங்கம்மா. ரூமை எடுத்தாத்தான் சுவர் நிக்கும்."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. முள்ளம்பன்றி என்ற வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது. அறைக்குள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை. என் மெஷின் ஓடினால் பக்கத்தில் யானை நடந்தாலும் கேட்காது என்பது வேறு விஷயம். புதருக்குள் யாரும் நுழைய முடியாது, முள் அப்படி. ஆகாயத்திலிருந்து நேராகப் பார்த்தால் மட்டும்தான் வளைவாசல் தெரியும். அண்ணியிடம் நான் எதுவும் கேட்கவில்லை. காலி என்று சொல்லிவிடு என்று கேட்க வாய்வரை வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டேன். கேட்டிருந்தாலும் அவள் மசிந்திருக்கமாட்டாள். பாரம் ஏற்றும் விஷயத்தில் சொந்த மாமனாரையே கிரேன் பக்கம் வராதீர்கள் என்று விரட்டியவள்.

எங்கள் பகுதியைப் படம் எடுக்க வேண்டிய வாரத்தில் காலையெல்லாம் ஒரே மூடுபனி. கரையே தெரியவில்லை. வழக்கமாகக் காலை வெயிலில்தான் அவள் ட்ரோனைப் பறக்கவிடுவாள். பனி விலகவே விலகாததால், ஒருநாள் சாயங்காலம் வேலை முடிகிற நேரத்தில் எங்கள் பகுதியை மட்டும் எடுத்து முடித்தாள். நான் அறை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே அது வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு நின்றது, பிறகு போய்விட்டது.

மறுநாள் அவள் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக என் அறைக்கு வந்தாள்.

"காலிதான். வாசல்ல பள்ளம் நல்லாத் தெரியுது. கூரை உள்வாங்கியிருக்கு. உன் ரூம் எங்கயும் போகாது."

நான் அழுதுவிட்டேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் கட்டிப்பிடிக்கிற ஜாதி இல்லை, தூண் மாதிரி நின்றாள். ஆனால் அவள் சிரித்தது எனக்குத் தெரிந்தது. அந்த வாரமே இருப்பதிலேயே நல்ல சிவப்பு ரெக்ஸினில் அவள் ஸ்கூட்டருக்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தேன். அறைக்கு வெள்ளை அடித்தேன். புது விளக்குப் போட்டேன்.

அடைக்கும் நாள் வந்தது. பனி போய், வெயில் பளிச்சென்று அடித்தது. கரை உச்சியில் பம்ப் வண்டி நின்றது. அண்ணனும் அவன் ஆட்களும் மேலே நின்றபடியே படத்தில் குறித்த இடத்தைக் கணக்கு வைத்து நீளக் குழாயை முள்ளுக்குள் இறக்கி வளை வாய்க்குள் செருகிவிட்டார்கள். முள்ளுக்குள் இறங்கி யார் கீறிக்கொள்வது? தொட்டியில் குழம்பு சுழன்றுகொண்டிருந்தது. பம்ப் போட்ட இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் எல்லாருக்கும் டீ போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு கரை மேலே ஏறினேன்.

அப்போது அண்ணி அலுவலகத்தில் இருந்தாள். அன்றைக்கு அவளுக்கு அங்கே என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன், இருந்தாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடைக்கிற வளைகளின் படங்களைச் சுவரில் ஒட்டும் வேலை. எங்கள் வீட்டு வளையின் படத்தைக் கையில் எடுத்திருக்கிறாள். வளையைப் பார்க்கவில்லை, ஓரத்தில் இருந்த என் துணிக்கம்பத்தைப் பார்த்திருக்கிறாள். கம்பத்தின் நிழல் கரை ஏறி ஆற்றுப் பக்கம் விழுந்திருந்தது.

காலை வெயில் எங்களுக்கு ஆற்றுப் பக்கமிருந்து வரும். நிழல் வீட்டுப் பக்கம்தான் விழ வேண்டும். இந்தப் படத்திலோ தலைகீழ்.

நசுங்கிய டிபன் பாக்ஸைப் படம் எடுத்து, அதைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். நசுங்கல் புடைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண் ஒரு கணக்கு வைத்திருக்கும், அந்தக் கணக்கை வைத்துத்தான் மேடு பள்ளம் சொல்லும். அண்ணியின் கண்ணுக்குக் காலை வெயில் கணக்கு. கரை முழுக்க எடுத்த காலைப் படங்களுக்கு நடுவே இந்த ஒரு சாயங்காலப் படத்தையும் அதே கண்ணோடு பார்த்திருக்கிறாள். படத்தை அப்படியே சுற்றிப் பிடித்தாளாம். பள்ளம் மெல்லப் புரண்டு மேடாக எழுந்து நின்றதாம். புதுமண் குவியல். வீட்டில் ஆள் இருக்கிறது.

கரை மேலே என் இடுப்பில் போன் அதிர்ந்தது. நான் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய், ஒரு காதைப் பொத்திக்கொண்டு எடுத்தேன்.

"கீழ வால்வைத் திறந்துட்டானா?"

"இன்னும் இல்ல அண்ணி. இப்பத்தான் கை வெச்சிருக்கான். ஏன்?"

"நான் தப்பாப் பாத்துட்டேன். அது பள்ளம் இல்ல, மேடு. உள்ள இருக்கு. நிறுத்தச் சொல்லு."

நான் திரும்பிப் பார்த்தேன். கீழே என் நீலக் கூரை தெரிந்தது. புதிதாக வெள்ளையடித்த சுவர் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. ஜன்னல் வழியாக, பாதி தைத்த உறை ஒன்று கம்பியில் தொங்குவதும் தெரிந்தது. போனில் எனக்குக் கேட்டது வேறு யாருக்கும் தெரியாது. இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்று நான் சொன்னால் எவரும் நம்புவார்கள். அண்ணன் எனக்குப் பக்கவாட்டில், வால்வுச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, பம்ப் ஆளின் தலையசைப்புக்காகக் காத்திருந்தான். வளைக்குள் ஏதோ ஒரு ஜீவன் பகல் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் எனக்குப் பாசமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் அது தூங்குகிறது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. தெரியாதவளாக இனிமேல் அந்த அறையில் எப்படி உட்கார்ந்து தைப்பது?

"அண்ணா!" என்று கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. பம்ப் ஆள் தலையை அசைத்தான்.

ஓடிப்போய் அண்ணன் முன்னால் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி உள்ளங்கையைக் காட்டினேன். ஒரு கையில் போன் இருந்தது, அதையும் சேர்த்துத்தான் தூக்கினேன்.

அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தான், சக்கரத்திலிருந்து கையை எடுத்தான், பம்ப் ஆளைப் பார்த்துத் தன் கைகளைத் தூக்கினான். இரைச்சல் அடங்கியது. அதற்குப் பிறகுதான், "என்னடி ஆச்சு?" என்று கேட்டான்.

குழாய்க்குள் விடுகிற கேமராவை இறக்கிப் பார்த்தார்கள். தாயும், விறைக்காத முள்ளோடு ஒரு குட்டியும் இருந்தன. தாய் வாலை ஆட்டிச் சடசடவென்று சத்தம் போட்டுக் கேமராவைத் துரத்தியது. குட்டி இருப்பதால் கதவு வைக்கவும் முடியாது, மழைக்கோ சில வாரம்தான் பாக்கி. விஷயம் கேட்டு ஓடிவந்த இன்ஜினியர் கரை உச்சியில் நின்று வானத்தைப் பார்த்தார், என் அறையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

பிற்பாடு அலுவலகத்திலிருந்து வந்த அண்ணி எல்லார் முன்னாலும், "என் தப்பு சார். சாயங்காலப் படத்தைக் காலைப் படமா நெனச்சுப் படிச்சிட்டேன்" என்று சொன்னாள். இன்ஜினியர் திட்டவில்லை. இனி எல்லாப் படத்திலும் வெயில் வரும் பக்கத்தை அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். தெருக்காரர்கள்தான் முணுமுணுத்தார்கள். முள்ளுக்குப் பார்க்கிறாள், மனுஷிக்குப் பார்க்கவில்லை என்று ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். கையைத் தூக்கியது நான்தான், என்னிடம் கேள் என்று சொன்னேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அறையை இடித்தார்கள். நாலு பேர் பிடித்து மெஷினைக் கூடத்தில் கொண்டுவந்து போட்டார்கள். இப்போது டிவி பார்க்கிறவர்களுக்கு டிவி கேட்காது, எனக்குக் கோபம் தீராது. அண்ணியோடு நான் பேசவில்லை. அவள் தப்பாகப் பார்த்ததால் என் அறை போகவில்லை, அது எனக்குத் தெரியும். சரியாகப் பார்த்திருந்தாலும் போயிருக்கும். ஆனால் வெள்ளையடித்திருக்கமாட்டேன், விளக்குப் போட்டிருக்கமாட்டேன், அவளைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கமாட்டேன். கையில் கொடுத்துவிட்டுப் பிடுங்கினதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவளும் சமாதானம் பேச வரவில்லை. சாப்பாட்டை என் முன்னால் வைப்பாள், நான் இரண்டு விரலைக் கிள்ளிக் காட்டுவேன், குறைத்துப் போடுவாள். எங்கள் வீட்டில் இப்படிப் பல நாள் பேசாமல் குடும்பம் நடத்த முடியும்.

மழை பெய்தது. ஆறு ஏறியது. வளை வழியாகத் தண்ணீர் கசிந்து மூட்டைச் சுவருக்குள் தேங்கி, இன்ஜினியர் சொன்னபடியே நின்றது. அடுக்களை நனையவில்லை, தெரு நனையவில்லை. ஆறு ஏறுவதற்குச் சற்று முன்புதான், இனி அடைக்க நேரமில்லை என்ற நிலையில், குட்டி நடக்கத் தொடங்கி, தாயும் அதுவும் கரை மேட்டுக்கு ஏறி எங்கோ போய்விட்டிருந்தன. அண்ணி அதையும் படம் எடுத்திருந்தாள்.

தண்ணீர் வடிந்த பிறகு ஒருநாள், அந்த மூட்டைச் சுவர் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். என் அறை இருந்த இடம் சேறாகக் கிடந்தது. அண்ணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பல நாளாக என் மனதில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை பேர் இருக்க, என் அறை போகும் என்று தெரிந்தும், எனக்கல்லவா போன் செய்தாள்? என்மேல் எத்தனை நம்பிக்கை என்று நினைத்து, கோபத்துக்கு நடுவிலும் உள்ளுக்குள் கொஞ்சம் பூரித்துப்போயிருந்தேன். அதைக் கேட்டுவிட்டேன்.

"ஏன் அண்ணி எனக்குப் போன் பண்ணீங்க?"

அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"முதல்ல கீழவுக்குத்தான் பண்ணேன், எடுக்கல. அப்புறம் இன்ஜினியருக்கு. பிஸின்னு வந்துச்சு. அப்புறம்தான் உனக்கு."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். அவள் என் உச்சந்தலையைப் பார்த்தபடி, ட்ரோன் பெட்டியின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அவங்க ரெண்டு பேரும் எடுக்காதப்போ நானே வந்துடலாம்னு ஸ்கூட்டர் சாவியைக் கையில எடுத்துட்டேன். நீ எடுத்து 'அண்ணி'ன்ன உடனே, இனி நின்னுடும்னு சாவியைத் திருப்பிப் பையில போட்டுட்டேன். சொல்லிட்டு வெச்சுட்டேன். நீ நிறுத்தினியா இல்லையான்னு திரும்பப் போன் பண்ணிக்கூடக் கேக்கல."

அது உண்மை. அன்று கையை இறக்கிய பிறகு போனைப் பார்த்தேன். அவள் அதற்கு முன்பே வைத்துவிட்டிருந்தாள்.